குகை மீனுக்குக் கண் போனது எப்படி?

"இருட்டில் பயன்படுத்தாததால்தானே குகை மீனின் கண் தேய்ந்துபோனது?" என்பது கேள்வி. இல்லை. ஒரு மீன் தன் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டால் அது குஞ்சுக்குக் கடத்தப்படாது; மரபணு மாற்றமே கடத்தப்படும்.

வடகிழக்கு மெக்சிகோவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் வாழும் அஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ் மீனின் கருவில் கண் உருவாகத்தான் செய்கிறது. ஏறக்குறைய ஒரு நாளில் லென்ஸின் செல்கள் தாமாக இறக்கத் தொடங்குகின்றன. பிறகு கண் சிதைந்து தோலுக்கடியில் புதைகிறது. 2000-இல் யமமோட்டோ, ஜெஃப்ரி என்ற ஆய்வாளர்கள் அதே இனத்தைச் சேர்ந்த, பார்வையுள்ள ஆற்று மீன் கருவின் லென்ஸைக் குகை மீன் கருவில் ஒரு பக்கம் பொருத்தினார்கள். அந்தப் பக்கம் மட்டும் கண் வளர்ந்தது! இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதுதான்.

லென்ஸ் செல்கள் இறக்க ஒரு காரணம், கருவின் வளர்ச்சியை வழிநடத்தும் 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணு குகை மீன் கருவில் அகலமான பகுதியில் இயங்குவது. அதே மரபணு சுவை மொட்டுகளைப் பெருக்குகிறது. இருட்டில் இரை தேட அது உதவும். பார்வைக்குச் செலவும் அதிகம்: ஒரு கிராம் எடையுள்ள மீனின் ஓய்வுநிலை ஆற்றலில் சுமார் 15% அதற்கே போகிறது. உணவு அரிதான குகையில் கண் இல்லாதது பெரிய மிச்சம்.

வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணைசேர்த்தால், குஞ்சுகளில் சில பார்வையோடு பிறக்கின்றன. ஒவ்வொரு குகையிலும் பழுதான மரபணுக்கள் வேறு வேறு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது.