அம்மாவோடு வாஹாவ்: ஏற்றமில்லாத வழி

சகோதரி, முழங்கால் வலியுள்ள அம்மாவை வியன்னாவிலுள்ள தம்பி ஆஸ்திரியாவின் டானியூப் ஆற்றோர வாஹாவ் பள்ளத்தாக்கில் நடக்கக் கூட்டிப் போகிறார், மலையேற வேண்டிவருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. வைசென்கிர்ஹனில் இறங்கி, டானியூப் ஓடும் திசையிலேயே டியூர்ன்ஸ்டைன் வரை நடக்கட்டும். ஏறத்தாழ 6 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. இடப்பக்கம் கல்லடுக்கிய படிவரம்புகளில் முந்திரிகைக் கொடிகள், வலப்பக்கம் ஆறு. சைக்கிள்கள் விரைந்து வரும். அம்மா ஓரமாக நடக்க வேண்டும். டியூர்ன்ஸ்டைன் மலைமேல், 1192இல் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டைச் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு இருக்கிறது. தம்பி அங்கே கூட்டிப்போக ஆசைப்படுவார், அம்மாவை ஏற விடாதீர்கள். நீலநிற மடாலயக் கோபுரத்தைக் கீழே நின்றே பார்க்கலாம். வைன் வேண்டாமென்றால் அவ்வூர் அப்ரிகொட் ஜாம் அருமை.

புறப்படுமுன் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் மாலையில் அம்மாவை நடத்திப் பாருங்கள். பத்துத் தடவை போய்வந்தால் கிட்டத்தட்ட அதே தூரம்.