குறி தாண்டிப் போகிறதா? அடிமட்டத்தை எடுங்கள்

கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கணினி விளையாட்டில் குறி எதிரியைத் தாண்டி ஓடுகிறது, சென்சிட்டிவிட்டி (மவுஸை அசைத்தால் குறி எவ்வளவு நகரும் என்ற எண்) எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. முதலில் விண்டோஸில் மவுஸ் ஆக்சிலரேஷனை, அதாவது வேகமாக இழுத்தால் கூடுதலாக நகர்த்தும் வசதியை, நிறுத்துங்கள். அப்புறம் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். விளையாட்டுக்குள் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது? 800 டிபிஐ (மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் எண்ணும் புள்ளிகள்), சென்சிட்டிவிட்டி 1 என்றால் சுமார் 52. கிளிநொச்சி வீட்டில் என் மேசை சின்னது, கீபோர்டைச் சரித்து வைத்துத்தான் இடம் பிடித்தேன். 2 வைத்தால் 26 போதும், ஆனால் தூரத்தில் தெரியும் தலை தப்பிவிடும். கடைசியில் 1.3இல் நின்றேன், 40 சென்டிமீட்டர். தாண்டினால் கொஞ்சம் குறையுங்கள், எட்டாவிட்டால் கூட்டுங்கள். மாற்றியபின் ஒரு கிழமையாவது அந்த எண்ணில் கை வைக்காதீர்கள். வலரண்ட் என்ற இன்னொரு சுடும் விளையாட்டுக்கு மாறினால் அதே எண்ணை 3.18ஆல் வகுத்தால் சரி.