மருந்தடிச்ச கையும் ஈரலும்: கேட்டவைக்குப் பதில்

உயிர்இரசாயனம் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஆள் நான். வீட்டுக்குப் பின்னால ஆறு பரப்பில வெங்காயம். அதால பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஈரலை என்ன செய்யும் எண்ட கேள்விகள் ரெண்டு பக்கத்தாலயும் என்னட்ட வந்து சேருது.

உரும்பிராய்த் தோட்டக்காரர்: சேர், நஞ்சை முறிக்கிறதே ஈரல்தானே. பிறகேன் அது பழுதாகுது?

முறிக்கப் போய்த்தான் பழுதாகுது, தம்பி. குளோர்பைரிபோஸ், மலத்தியன் மாதிரி மருந்துகளில பொசுபரசு அணுவோட ஒரு கந்தக அணு ஒட்டியிருக்கு. அந்த நிலையில அதுக்குப் பெரிய வீரியம் இல்லை. ஈரலுக்கு வந்தவுடன சைற்றோகுரோம் பி450 எண்ட நொதியக் குடும்பம் அந்தக் கந்தகத்தைக் கழட்டி, அந்த இடத்தில ஒட்சிசனை வைக்குது. இப்ப வந்ததுக்குப் பேர் ஒக்சோன். நரம்புக்குத் தேவையான நொதியத்தைப் பூட்டிப் போடுறது இந்த ஒக்சோன்தான். போத்தலில இருந்த மருந்தைவிட ஈரல் செய்து குடுத்தது கொடுமை.

கழண்ட கந்தகமும் சும்மா போகாது. தன்னைக் கழட்டின பி450 நொதியத்திலேயே ஒட்டி, அதையும் செயலிழக்கப் பண்ணும். பி450 கூடுதலாக இருக்கிறது, ஈரலின்ர சின்னச் சின்னக் கூறான நுண்சோணையின்ர நடு நாளத்தைச் சுத்தின கலங்களில. அதால இப்பிடி ஈரலே நஞ்சாக்கிற பொருள்களில முதல் அடி பெரும்பாலும் அங்கதான் விழுது.

ஆனால் ஈரலைக் குறை சொல்லி முடிக்கேலாது. ஒக்சோனை வெட்டுற பரஒக்சோனேஸ் எண்ட நொதியத்தைச் செய்யிறதும் அதுதான். கொஞ்சமாக வந்தால் சமாளிச்சிடும். கிழமைக்கு ரெண்டுதரம், வருசக்கணக்காக வந்தால்தான் கணக்குப் பிழைக்குது.

உயர்தர உயிரியல் மாணவி: சேர், ஒட்சியேற்ற நெருக்கீடு எண்டு படிக்கிறம். அது கலத்துக்குள்ள உண்மையில என்ன செய்யுது?

நல்ல உதாரணம் பரகுவாட், பிள்ளை. இலங்கையில 2008 தொடங்கிப் படிப்படியாக நிப்பாட்டின களைகொல்லி. அது கலத்துக்குள்ள ஒரு இலத்திரனை வாங்கி, ஒட்சிசனுக்குக் குடுத்திட்டு, திரும்பவும் வெறுங்கையோட அடுத்த இலத்திரனுக்கு வந்து நிக்கும். தான் தேயாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சுப்பரொட்சைட்டு பிறக்கும். அது ஐதரசன் பெரொட்சைட்டாக மாறி, இரும்பைக் கண்டால் ஐதரொட்சில் மூலிகமாகும். அந்த மூலிகம் மென்சவ்வில இருக்கிற கொழுப்பமிலங்களைக் கடிக்கும். நாள்பட்ட எண்ணெயில ஒரு சிக்கு மணம் வருமே, கிட்டத்தட்ட அதே இரசாயனம்தான் கலமென்சவ்வில நடக்குது. பரகுவாட்டில ஆளைக் கொல்லுறது கூடுதலாக நுரையீரல் சேதம்தான். ஆனால் ஈரலும் சிறுநீரகமும் தப்பிறதில்லை.

இழைமணியின்ர மென்சவ்வு ஓட்டையானால் உள்ள இருக்கிற சைற்றோகுரோம் சி வெளியில வரும். அது வந்தால் கஸ்பேஸ் நொதியங்கள் முழிச்சு, கலம் தன்னைத் தானே முடிச்சுக்கொள்ளும். சோதினையில இழைமணியைச் சக்தி நிலையம் எண்டு மட்டும் எழுதாதை.

நீர்வேலியிலிருந்து ஒரு தங்கச்சி: இவர் மருந்தடிச்சிட்டு வந்து தலையிடி எண்டு பனடோல் போடுறார். பின்னேரம் கள்ளும். ஒண்டும் செய்யாதோ?

இதுதான் எனக்குப் பயமான கேள்வி. குளூற்றாதயோன் எண்டொரு சின்ன மூலக்கூறு ஈரலில இருக்கு. மருந்தின்ர துண்டுகளைப் பிடிச்சுக் கட்டி வெளியேத்திறதும் அதுதான், பரசிற்றமோலில, அதாவது பனடோலில, இருந்து வாற நச்சுப் பொருளைப் பிடிக்கிறதும் அதுதான். வழமையாகக் குடிக்கிற ஆளிட்ட குளூற்றாதயோன் குறைவு, அந்த நச்சுப் பொருளைச் செய்யிற நொதியமோ கூட. மூண்டு பேருக்கு ஒரு சட்டி சோறு மாதிரி. அளவாகப் போட்ட ரெண்டு குளிசை சாதாரண ஆளுக்கு ஒண்டும் செய்யாது. இவரை வைத்தியரிட்டக் கேட்காமல் போட விடாதேங்கோ.

இன்னொண்டு: அந்தத் தலையிடியே மருந்து ஏறினதின்ர அறிகுறியாக இருக்கலாம். வேர்த்து, வாயால வீணி வடிஞ்சு, கண்மணி சுருங்கினால் குளிசை தேடாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

இணுவில்: மருந்தடிச்ச பிறகு பால் குடிச்சால் முறியுமாம்?

முறியாது. மருந்து கூடுதலாக ஏறுறது தோலால, வயித்தால இல்லை. என்ர அப்புவின்ர மருந்தடிக்கிற மெசின் மூடி இறுகாது, முதுகால ஒழுகிச் சேட்டு நனைஞ்சிருக்கும். அதோடயே கிணத்தடியில இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, பின்னேரம்தான் குளிப்பார். அம்மா பால் காய்ச்சி வைச்சிருப்பா. சேட்டைக் கழட்டிச் சவுக்காரம் போட்டு உடன குளிச்சிருந்தால் பாலுக்கு வேலையில்லை.

கோப்பாய்: எஸ்ஜிபிடி எண்ட இரத்தச் சோதினை பார்த்தனான், சரியாக இருக்கு. அப்ப ஈரல் சுகம்தானே?

எஸ்ஜிபிடி கலத்துக்குள்ள இருக்கவேண்டிய நொதியம். கலம் உடைஞ்சால்தான் இரத்தத்தில ஏறும். அதுக்கு முதல் ஈரல் தாக்குப் பிடிச்சுக்கொண்டிருக்கலாம். கீப்1 எண்ட புரதம் பிடிச்சு வைச்சிருக்கிற என்ஆர்எஃப்2 எண்ட இன்னொரு புரதம், ஒட்சியேற்றம் கூடினவுடன விடுபட்டுக் கருவுக்குள்ள போய், குளூற்றாதயோன் செய்யிற மரபணுக்களைத் தட்டி எழுப்பும். இந்தத் தற்காப்பு உங்கட ரிப்போட்டில தெரியாது. அது தோத்து, அழற்சி நிண்டு பிடிச்சால், நட்சத்திரக் கலங்கள் கொலாஜனைக் கொட்டி ஈரலில தழும்பு விழும்.

பயப்படுத்த இதை எழுதேல்லை. இதில கனக்க எலியிலயும் ஆய்வுகூடக் கலங்களிலயும் கண்டது. தோட்டக்காரரின்ர ஈரலில கொஞ்சம் கொஞ்சமாக ஏறினதுக்கு அவ்வளவு திடமான ஆதாரம் இல்லை.

அவரே திரும்ப: கொலினெஸ்தரேஸ் குறைவு எண்டும் எழுதியிருக்கு. அது மருந்தாலயோ, ஈரலாலயோ?

இதை முதலே சொல்லியிருக்கலாமே! கொலினெஸ்தரேஸ் எண்டது ஒக்சோன் பூட்டுற நொதியம்; இரத்தத் திரவவிழையத்தில இருக்கிறதை ஈரல்தான் செய்யுது. மருந்து பூட்டினாலும் குறையும், ஈரல் களைச்சாலும் குறையும். வைத்தியரிட்ட மருந்தடிக்கிற விசயத்தைச் சொல்லி, ஈரல் செய்யிற இன்னொரு புரதமான அல்புமினையும் சேர்த்துப் பாருங்கோ. ஒண்டரை மாதம் மெசினை வேற ஆளிட்டக் குடுத்திட்டுத் திரும்பச் சோதியுங்கோ. ஏறியிருந்தால் மருந்து. ஏறாட்டி ஈரலைத்தான் பார்க்கவேணும்.