போர் தண்ணீரில் மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. ஆளுக்கொரு செடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் சில சிக்கல்கள் குழாயில் வரும் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரிலிருந்துதான் தொடங்குகின்றன.

தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் தட்டையாகக் கருத்துப்போகிறது. இலையில் எந்த நோயும் இல்லை. சுண்ணாம்புச் சத்து குறைவு என்றார்கள். முட்டை ஓட்டுத் தூள் போட்டேன், பலனில்லை. 12 அங்குலப் பை, போர் தண்ணீர்.
– வாசகி, தருமபுரி

குறைவது சுண்ணாம்புச் சத்துதான். ஆனால் மண்ணில் அல்ல, காயில். நம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலேயே கால்சியம் தாராளமாக இருக்கிறது. அது வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். வெயிலில் இலைகள் நிறைய நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கு இலைக்கே போய்விடும், காய்க்கு மிஞ்சுவது கொஞ்சம். ஒருநாள் பை வறண்டால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். காம்பிலிருந்து தள்ளி இருக்கும் அடிப்பக்கம்தான் முதலில் வாடும். கோலிக்குண்டு அளவைத் தாண்டிக் காய் வேகமாகப் பருக்கும் இரண்டு வாரம்தான் ஆபத்தான காலம். அதனால், இன்று கண்ணில் படும் கருப்பு, சில நாட்களுக்கு முன்பே பை காய்ந்ததன் அடையாளம்.

12 அங்குலப் பையில் 20 லிட்டர் மண்கலவைதான் பிடிக்கும். ஏப்ரல் வெயிலில் காய்த்து நிற்கிற செடிக்கு அது மதியத்துக்குள் வறண்டுவிடும். அடுத்த முறை 15 அங்குலப் பையில் ஒரே ஒரு செடி வையுங்கள். இப்போதைக்கு, காலை 7 மணிக்குள் ஒன்றரை லிட்டர், மாலை 5 மணிக்கு மேல் ஒரு லிட்டர். மாலையில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். மண்ணின் மேல் 2 அங்குலத்துக்குக் கரும்புச் சோகையோ காய்ந்த சருகோ பரப்பினால் பாதிக் கவலை தீரும்.

கடலைப் புண்ணாக்குக் கரைசலை அடிக்கடி ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கருப்பு அதிகம் வரும். தழை கொழிக்கக் கொழிக்கக் காயின் பங்கு குறையும். 15 நாளுக்கு ஒருமுறை போதும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும். உப்புத் தண்ணீர் ஊறிய காரத்தன்மையுள்ள மண்ணில் அது கரைவதே அரிது. கருத்த காய் இனித் தேறாது, பறித்துவிடுங்கள். கருப்பை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம்.

கறிவேப்பிலையின் கொழுந்து மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. மோர் ஊற்றியும் சரியாகவில்லை. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஊற்றலாமா?
– வாசகர், பாலக்கோடு

முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். வடிகட்டி வெளியேற்றிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கொழுந்தில் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. அடி இலை முதலில் முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அதற்கு மட்கிய ஆட்டு எரு இரண்டு கைப்பிடி போதும். உங்கள் செடியில் நடப்பது முதலாவது. செம்மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. போர் தண்ணீரின் காரம் ஏற ஏற, வேர் எடுக்க முடியாதபடி அது மண்ணிலேயே இறுகிவிடுகிறது. அதனால் இலை வழியாகக் கொடுக்க வேண்டும்.

ஒரு லிட்டர் மழைநீரிலோ ஆர்.ஓ. குடிநீரிலோ ஒரு எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். அதன்பிறகுதான் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். கரைசல் தெளிந்த இளம்பச்சையாக இருக்க வேண்டும். டீத்தண்ணி நிறத்துக்கு மாறினால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள். எலுமிச்சை சேர்க்காமல் போர் தண்ணீரில் கலக்குகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. இரண்டு சொட்டு சோப்புத் திரவம் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, கீழே சாக்கு விரியுங்கள். தெளித்தபின் ஒரு வாரம் இலை கிள்ள வேண்டாம். பழைய மஞ்சள் இலை முழுசாக மாறாவிட்டாலும் புதுக்கொழுந்து பச்சையாக வரும்.

உப்புப் போடாத புளித்த மோர், ஒரு டம்ளருக்குப் பத்து டம்ளர் தண்ணீர் என்று 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது துணைக்கு நல்லது. அதை மட்டுமே நம்ப முடியாது. நிரந்தர வழி மழைநீர்தான். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் இறங்குகிறது. குழாய் வாயில் ஒரு டிரம் வைத்து, கொசு வராமல் வலை கட்டினால் போதும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வருகிறதே என்று கேட்பீர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த நம் பக்கத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் வந்த தண்ணீர் அது, செடிக்குத் திருப்பிவிடாதீர்கள். அரிசியும் பருப்பும் கழுவிய தண்ணீரே ஒரு கறிவேப்பிலைச் செடிக்குத் தாராளம்.

சுரைக்கொடியில் பிஞ்சு விடுகிறது, விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்கிறது. உரக்குறைவா?
– வாசகி, கிருஷ்ணகிரி

உரம் வேண்டாம். மகரந்தம் சேரவில்லை. சுரைப் பூ மாலையில்தான் விரியும். காட்டில் அந்திப்பூச்சி செய்யும் வேலையை மூன்றாவது மாடியில் நீங்கள்தான் செய்ய வேண்டும். நீளமான மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் பூனை முடி போர்த்திய குட்டிச் சுரைக்காயோடு வருவது பெண் பூ. மாலை 6 மணிவாக்கில், அப்போதுதான் விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுத்தண்டை நகத்தில் தட்டினால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் வேறு பூ பாருங்கள். பெண் பூவின் நடுவில் உள்ள மூன்று மடல்களிலும் அதை மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும்.

இரண்டு மூன்று நாளில் காய் பளபளத்துக் காம்பு தடித்தால் பிடித்துவிட்டது. நுனி மஞ்சளானால் பிடிக்கவில்லை. பீர்க்கைக்கும் புடலைக்கும் மாலைதான். பாகலுக்கும் பூசணிக்கும் விடியற்காலை. காலை 9 மணிக்குப் பொறுமையாகப் போய்ச் சுரைக்குத் தடவினால் பயனில்லை.

பிடித்த காய் உள்ளங்கை அளவில் அழுகினால் தோலில் ஊசிக் குத்துப் போன்ற புள்ளி இருக்கிறதா பாருங்கள். அது பழ ஈ. பிஞ்சு பிடித்ததுமே பழைய வேட்டித் துணியால் தளர்வாக உறை கட்டிவிடுங்கள்.

மார்ச்சிலிருந்து மூன்று முறை கொத்தமல்லி விதைத்தும் முளைக்கவில்லை.
– வாசகர், காவேரிப்பட்டணம்

காலம் தப்பு. மண் சூடாக இருந்தால் கொத்தமல்லி முளைக்காது, முளைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை விதையுங்கள். முழு மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிரித்து, இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில். பத்து நாளாவது பொறுங்கள். ஓசூர்க் குளிருக்கு ஏறக்குறைய ஆண்டு முழுதும் வரும், உங்கள் ஊருக்கு வராது. கோடையில் அந்தத் தொட்டியில் தண்டுக்கீரை போடுங்கள்.

டிரம்மில் மாமரம் வளர்க்க ஆசை. நம் ஊர் பெங்களூராவையே வைக்கலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

வேண்டாம். கூழ் ஆலைகளுக்குப் பேர்போன ரகம்தான், ஆனால் அகலமாகப் படரும். தசேரியையும் நீலத்தையும் ஒட்டி உருவான அம்ரபாலி குட்டையான ரகம். ஒட்டுக்கன்றாக வாங்குங்கள்.

200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. அடியில் விரல் தடிமனில் எட்டு ஓட்டை. செங்கல் மேல் ஏற்றி வைத்தால்தான் நீர் வடியும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ. ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேல் 3 அங்குலம் தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது அடிக்கன்றின் தளிர். விட்டுவைத்தால் அதுவே மரமாகி, ஒட்டு மெலிந்துவிடும். பார்த்ததும் கிள்ளுங்கள்.

இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளி மூன்று கிளை விடுங்கள். முதல் இரண்டு ஆண்டுப் பூவை உதிர்த்துவிட மனம் வராது, ஆனால் உதிர்த்தால்தான் பின்னால் கிளை காயைத் தாங்கும். நவம்பர், டிசம்பரில் இலை வாடாத அளவுக்கு மட்டும் தண்ணீரைக் குறையுங்கள். அப்போது தாராளமாக ஊற்றினால் பூவுக்குப் பதில் தளிர் வரும். பிஞ்சு பட்டாணி அளவானதும் பழையபடி ஊற்றலாம்.

நனைந்த டிரம் 100 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூணோ உத்தரமோ இருக்கும் இடமாகப் பார்த்து, மண் நிரப்பும் முன்பே வைத்துவிடுங்கள்.