முப்பத்தைந்தாவது ஆள்

வணக்கம் அண்ணா,

நாங்கள் மூன்று பேர். கிட்டார், வயலின், கஜோன் என்கிற பெட்டி மேளம். சீசனில் திருகோணமலை உப்புவெளி ஹோட்டல்களில் வாசிக்கிறோம். அங்கே அவர்கள் கேட்கிற பாட்டைத்தான் பாடலாம். சொந்தமாக ஒன்பது பாட்டு வைத்திருக்கிறோம், எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில். போன மார்கழியில் டவுனில் ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்து அந்த ஒன்பதையும் பாடினோம். 34 பேர் வந்தார்கள், அதில் 11 பேர் சொந்தக்காரர். மாசியில் மறுபடி வைத்தோம், 19 பேர்தான். யூடியூப்பில் போட்ட பாட்டுக்கு நாலு மாதத்தில் 812 வியூஸ். அதில் நூறு நானே பார்த்ததாக இருக்கும். ஃபேஸ்புக்கில் 25,000 ரூபாய் கட்டி பூஸ்ட் பண்ணச் சொல்கிறார் ஒரு நண்பர். சினிமாப் பாட்டையும் கலந்து பாடு என்கிறார் இன்னொருவர். சின்ன ஊரில் சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு நிரந்தரமான ரசிகர்களைச் சேர்க்க முடியுமா? அல்லது கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?

பெயர் போட வேண்டாம்.
உப்புவெளி

*

அன்புள்ள தம்பிக்கு,

34 இல்லை, 35. நானும் வந்திருந்தேன். மழையில் ஓட்டோ கிடைக்காமல் அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. நான் நுழையும்போது மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கதவடியில் கிடந்த கதிரையில் இருந்துகொண்டேன். நீங்கள் ஆள் எண்ணி முடித்த பிறகு வந்தவன்.

அதனால் உங்களுக்குப் பதில் எழுத நான் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் கண்டதை எழுதினாலே பாதிப் பதில் வந்துவிடும்.

மீன் சந்தையைப் பற்றிய அந்தப் பாட்டு முடிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா மட்டும் தட்டவில்லை. அறுபது வயது இருக்கும். மடியில் ஈரக்குடை. நிகழ்ச்சி முடிந்து சனம் எழும்பி வாசலுக்கு வர, அவர் மறுபக்கமாக மேடையடிக்குப் போனார். நீங்கள் மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வயர் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். அம்மா குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு திரும்பவும் மாற்றினார். ஐந்து நிமிடம் நின்றிருப்பார். மண்டபத்துக்காரர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டத் தொடங்கியதும் வெளியே வந்துவிட்டார். ஓட்டோவுக்கு நின்ற இடத்தில் கேட்டேன், பொடியள் தெரிந்த ஆட்களா என்று. “இல்லைத் தம்பி. அந்தப் பாட்டில வாற ஆள் என்ர அவரைப் போலக் கிடந்தது. ஆரை நினைச்சு எழுதினதெண்டு கேப்பம் எண்டு போனன்” என்றார்.

மாசியில் ஏன் 19 பேர் என்று இனி நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

வயர் சுற்றுவது குற்றமில்லை. மண்டபத்தை ஒன்பது மணிக்கு விடவேண்டுமென்றால் யாரோ சுற்றத்தான் வேண்டும். ஆனால் மூவரும் சுற்ற வேண்டுமா? உங்கள் 11 சொந்தக்காரரில் ஒருவரைப் பிடித்து அந்த வேலையைக் கொடுங்கள். சொந்தக்காரர் ரசிகர் கணக்கில் சேரமாட்டார்கள், கடமைக்கு வந்தவர்கள். வேலை கொடுத்தால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள். நீங்கள் கடைசிப் பாட்டு முடிந்த கையோடு வாசலில் போய் நிற்க வேண்டும்.

இதைச் சொல்வதில் எனக்கொரு பழைய மனக்கசப்பு இருக்கிறது. என் முதல் கதைத் தொகுப்பை இங்கேதான் வெளியிட்டேன். நம்முடைய வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பிறகு வரிசையாக ஆட்கள் வந்து கடித உறையில் காசை வைத்துத் தந்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் போவார்கள். அறுபதுக்கு மேல் உறைகள் சேர்ந்தன. பெரும்பாலானவற்றில் பெயர் எழுதியிருந்தது, சிலர் ஊரும் எழுதியிருந்தார்கள். அன்றிரவு வீட்டில் பாய் விரித்து இருந்து, உறைகளைக் கிழித்து, காசை எண்ணி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதை எடுத்து வைத்தேன். உறைகளை அடுத்த நாள் காலையில் மனைவி அடுப்பு மூட்டப் பாவித்தார். இரண்டாவது புத்தகம் வந்தபோது யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் சுவரொட்டி அடித்து ஒட்டினேன். காசை வைத்துக்கொண்டு பெயரை எரித்தவன் நான்.

பெயரின் பெறுமதி தெரிந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் பொற்காலத்தில் பாட்டை விட, பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்பட்ட பெயர்களுக்காகச் சனம் காத்துக்கொண்டிருந்தது. தபாலட்டையில் எழுதிப் போட்ட பெயரும் ஊரும் காற்றில் வரும். ஒரு தரம் தன் பெயரைக் கேட்டவன் பிறகு அந்த வானொலியை விட்டுப் போவானா? அக்கரையில் தமிழ்நாட்டிலும் அதே கதைதான்.

கலிஃபோர்னியாவில் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு குழு இருந்தது. 1971இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டின் உறைக்குள் ஓர் அறிவிப்பு அச்சிட்டிருந்தார்கள்: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரையும் விலாசத்தையும் எழுதி அனுப்புங்கள், எங்கள் செய்தியைத் தெரிவிக்கிறோம் என்று. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்த விலாசங்களுக்குச் செய்திமடல் போனது. 1980களில் தங்கள் நிகழ்ச்சி ரிக்கெட்டுகளில் ஒரு பகுதியைத் தாங்களே தபாலில் விற்கத் தொடங்கினார்கள். 1984இல், நிகழ்ச்சியைக் களவாக ஒலிப்பதிவு செய்ய வந்தவர்களைத் துரத்தாமல், அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பதிவுகள் கைமாறிக் கைமாறிப் போய் அவர்களுக்குப் புதிய ஆட்களைக் கொண்டுவந்தன. அந்தக் குழுவின் பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒரே பாட்டை அரை மணித்தியாலம் வாசிப்பார்கள். ஆனால் அந்த உறை அறிவிப்பை நினைக்கும்போதெல்லாம் என் அடுப்பில் எரிந்த உறைகள் ஞாபகத்துக்கு வரும்.

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். பெரிய கொப்பி, கயிற்றில் கட்டிய பேனையோடு. கலியாண வீட்டில் மொய் எழுதுகிறவர் இருக்கிற மாதிரி வாசலில் ஒருவர் இருக்கட்டும். பெயர், ஊர், வட்ஸ்அப் நம்பர். நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, பிடித்த பாட்டு எது என்று எழுதச் சொல்லுங்கள். இந்த நாலாவது கட்டத்தைத்தான் நீங்கள் வீட்டுக்குப் போய் மூன்று தரம் வாசிக்கப் போகிறீர்கள்.

நம்பர் சேர்ந்ததும் எல்லோரையும் ஒரு குரூப்பில் போட்டுவிடாதீர்கள். குரூப்பில் ஒருவருடைய நம்பர் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் அன்றைக்கே விலகிவிடுவார்கள், விலகுவதுதான் சரி. மிச்சம் இருக்கிறவர்கள் காலை வணக்கப் படம் போடத் தொடங்குவார்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை போடலாம், உங்களுக்கு இப்போதைக்கு அது காணும். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் பண்ணியவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச்சேரும். எனவே கொப்பியில் எழுதும்போதே, பக்கத்தில் நின்று, சேவ் பண்ண வைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ செய்தி போதும். இருபது விநாடிக் குரல் பதிவு என்றால் இன்னும் நல்லது. பாடுகிறவனுக்குக் குரல்தானே கையெழுத்து.

அடுத்தது நாள். மார்கழியில் ஒன்று, மாசியில் ஒன்று என்றால் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை, அதே இடம், அதே நேரம் என்று வையுங்கள். மண்டபம்கூட வேண்டாம், ஒரு வாசிகசாலையின் பின்னறை போதும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை ஹோட்டல் வேலை உங்களை விடாது. வாடைக்காற்று எழும்பி மழை பிடித்து உல்லாசப் பயணிகள் வராத மாதங்கள் இருக்கின்றனவே, அவைதான் உங்கள் காலம். மாரியில் இந்த ஊரில் பின்னேரத்துக்கு மேல் என்ன இருக்கிறது? டச்சுக் கடற்கரையில் கச்சான் வண்டிகூட நிற்காது. கோட்டையடி மான்கள் கடை வாசல்களில் ஒதுங்கி நிற்கும். சனம் வீட்டில் ரீவி பார்த்துச் சலித்துப் போயிருக்கும்.

கிழக்கில் கூத்துப் பழக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? பழக்கம் நடப்பது மூடிய அறையில் இல்லை. ஊருக்கு நடுவில் களரி, அதாவது ஆடுகளம், போட்டு, மாதக்கணக்கில், இரவிரவாக நடக்கும். பழக்குகிற அண்ணாவியார் ஏசுவதை, ஆட்டக்காரன் தாளம் பிழைப்பதை, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். அடுக்குப் பார்க்கிற, அதாவது முழு ஒத்திகைக் கட்டம் வருவதற்குள் பார்க்க வந்தவர்களுக்கே பாட்டெல்லாம் பாடம். அரங்கேற்றத்தன்று அவர்கள் வருவது தங்களுடைய கூத்தைப் பார்க்க. நீங்களோ ஒன்பது பாட்டையும் மெருகேற்றி, முடித்து, மூடி எடுத்துக்கொண்டு வந்து வைத்தீர்கள். நாங்கள் கைதட்டிவிட்டுப் போனோம். பத்தாவது பாட்டைப் பாதியில் கொண்டு வாருங்கள். இரண்டாவது சரணம் இன்னும் அமையவில்லை என்று சொல்லிப் பாடுங்கள். அந்த அம்மாவுக்கு மீன் சந்தையைப் பற்றி உங்களை விடக் கூடத் தெரியும்.

இனி காசு. கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008இல் ஒரு கணக்குச் சொன்னார், உங்கள் நண்பர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள்: ஒரு கலைஞனுக்கு ஆயிரம் உண்மையான ரசிகர் போதும், ஆளுக்கு வருடம் 100 டொலர் லாபம் வந்தால் 100,000 டொலர். இந்தக் கணக்கைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் சிரிப்புத்தான் வரும். இங்கே யார் ஒரு பாட்டுக்காரனுக்கு வருடம் 100 டொலர் கொடுப்பார்? ஆனால் அவர் அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: ரசிகரோடு உங்களுக்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், காசு நடுவில் ஒருவர் கைக்குப் போகாமல் உங்களிடம் வரவேண்டும். அது எங்கள் ஊருக்கும் பொருந்தும். 40 பேர், ஆளுக்கு 500 ரூபாய், வருடத்தில் ஆறு நிகழ்ச்சி: 120,000 ரூபாய். மூன்று பேர் சீவிக்கக் காணாது. ஆனால் இரண்டு மூன்று பாட்டை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்ய உதவும். ஹோட்டல் வேலையை விடச் சொல்கிறவன் உங்கள் நண்பன் இல்லை.

25,000 ரூபாய் பூஸ்ட்? வேண்டாம். அந்தக் காசுக்கு உங்கள் பாட்டு பல ஆயிரம் பேரின் விரலுக்குக் கீழே ஓடிப் போகும். விரல் நிற்காது. அதே காசில் வாசிகசாலைக்கு ஒரு நன்கொடை கொடுத்து, வருகிறவர்களுக்கு நாலு மாதம் பிளேன்ரீயும் உளுந்து வடையும் கொடுக்கலாம். யூடியூப்பில் விளம்பரக் காசு கிடைக்கத் தொடங்குவதற்கே 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட்ட நேரமும் வேண்டும். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், முந்தின 12 மாதத்தில் 1,000 தரமாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. பாட்டை இரண்டிலும் போட்டு வையுங்கள், தேடி வருகிறவர் கண்டுபிடிக்க வேண்டுமே. வருமானம் வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஹோட்டலில் ஒரு ஜெர்மன்காரர் உங்களைக் கேட்டுவிட்டு, “சொந்தப் பாட்டு இருக்கிறதா” என்று கேட்பார். கேட்டிருப்பார்கள், இல்லையா? அவருக்கு யூடியூப் லிங்கைக் கொடுக்காதீர்கள். பேண்ட்காம்ப் போல ஒரு தளத்தில் பாட்டை வையுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 வீதம் எடுப்பார்கள், ஆனால் வாங்கினவருடைய மின்னஞ்சல் முகவரி உங்கள் கைக்கு வரும். அதுவும் கொப்பிதான். காசு இலங்கைக்கு எந்த வழியால் வந்து சேரும் என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹோட்டலில், கலியாண வீட்டில் பாடுங்கள், அது தொழில். உங்கள் சனிக்கிழமையில் பாடினால், சனம் அதற்குத்தான் கைதட்டும், பிறகு நீங்களும் அதற்காகத்தான் பாடுவீர்கள். ஒரே ஒரு வேற்றுப் பாட்டு வேண்டுமென்றால் எழுபதுகளின் எங்கள் பொப்பிசைப் பக்கம் போங்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், இந்த ஊரிலேயே பரமேஷ், கோணேஷ் என்று ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மனோகரன் 2018இல் காலமானார். அவர் பாட்டைப் போட்டால் இன்றைக்கும் கலியாண வீட்டில் கதிரையை ஒதுக்கிவிட்டு ஆடுகிறார்கள். அவர்கள் ஆரம்பித்ததும் ஊர்ப் பேச்சில்தான்.

கொழும்புக்குப் போவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கேயும் கடைசிப் பாட்டு முடிந்ததும் வயர் சுற்றத்தான் வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவை நான் பிறகும் கண்டேன், சல்லி அம்மன் கோயில் பொங்கலில். மாசி நிகழ்ச்சிக்குப் போனீர்களா என்று கேட்டேன். “அப்பிடி ஒண்டு நடந்ததா?” என்றார். உங்கள் சம்மதம் இல்லாமலே ஒரு காரியம் செய்தேன்: அவருடைய பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கொப்பி வாங்கினதும் சொல்லுங்கள், முதல் பெயராக எழுதலாம். இரண்டாவதாக என்னுடையது. எனக்குக் கதவடிக் கதிரையே போதும், அந்த மண்டபத்தில் ஒழுங்காகச் சுற்றுகிற மின்விசிறி அதற்கு மேலேதான் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா