மிக்ஸ்டேப் திருட்டுப் பொருளா?

கேள்வி: அமெரிக்காவில் டிஜேக்கள் பிறர் பாடல்களை வெட்டி ஒட்டி 'மிக்ஸ்டேப்' என்று விற்றார்கள். பாடியவர் ஒருவர், காசு பார்த்தவர் இன்னொருவர். இதை ஹிப் ஹாப்பின் பெருமை என்று எழுதுகிறீர்களே, நியாயமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நியாயம்தான். 'வெட்டி ஒட்டி' என்று நீங்கள் சுலபமாகச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுச் சுழற்றியது 1973 ஆகஸ்டில். ராப் பாடல் இசைத்தட்டாக வந்து நாடெங்கும் பரவியது 1979இல். நடுவில் ஆறு வருடம் இந்த இசைக்குக் கம்பெனியும் இல்லை, வானொலியும் இல்லை. விருந்துகளில் பதிவான கேசட்டுகள்தான் கைமாறின, வாடகைக் கார்களில் ஒலித்தன. அவையும் இல்லையென்றால் அந்த இசை அன்றைய இரவோடு போயிருக்கும்.

அப்புறம் ஹூஸ்டனின் டிஜே ஸ்க்ரூ. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் ஓடவிடுவார். ஒன்றைக் கொஞ்சம் பின்தங்க வைத்து, பிடித்த வரியை மறுபடியும் விழச் செய்வார். பிறகு மொத்தத்தையும் வேகம் குறைத்துச் சாம்பல் நிறக் கேசட்டில் இறக்குவார். குரல் கனத்து, தாளம் தேன் மாதிரி மெதுவாக வழியும். கேசட் வாங்க அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். 1996 ஜூன் 27 அன்று, நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு ஒரு டேப் பதிவானது. அதில் ஸ்க்ரூவின் தோழர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அரை மணி நேரத்துக்கும் மேல் அந்த நேரத்தில் தோன்றிய வரிகளைப் பாடுகிறார்கள். எந்தக் கம்பெனியும் அந்த இளைஞர்களைத் தேடி வந்திருக்காது. ஸ்க்ரூ 2000இல், 29 வயதில் இறந்தார். அவருடைய இசைத்தட்டுகளை இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்கிறது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். பாடல் உரிமை பெறாமல் விற்பது சட்டப்படி தவறு, மறுக்கவில்லை. ஆனால் புதுப் பாடல்களை டிஜேக்களிடம் கொண்டுபோய்க் கொடுத்ததே பெரும்பாலும் பாடகர்களும் கம்பெனி ஆட்களும்தான். காசில்லாமல் கிடைத்த விளம்பரம் அது. கம்பெனி கைவிட்ட ராப் பாடகர் '50 சென்ட்' 2002இல் மிக்ஸ்டேப் வழியாகத்தான் மீண்டு வந்தார். அதே இசைத்தொழில் 2007 ஜனவரியில் என்ன செய்தது தெரியுமா? இசை நிறுவனங்களின் சங்கம் துணைநிற்க, அட்லாண்டாவில் மிக்ஸ்டேப்புக்குப் பேர்போன டிஜே டிராமாவின் ஸ்டுடியோவுக்குள் போலீஸ் நுழைந்தது. டிராமாவையும் அவருடைய கூட்டாளி டான் கேனனையும் கைது செய்து, மாஃபியாக்களை ஒடுக்க வந்த வகைச் சட்டத்தை அவர்கள்மீது பாய்ச்சினார்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிடிக்களை அள்ளிப் போனார்கள். பயன்படுத்திக்கொண்டு பழியையும் போடுவது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

2022இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது 'டைலர், தி கிரியேட்டர்' என்ற பாடகருக்குக் கிடைத்தது. பெரிய கம்பெனி ஒன்று வெளியிட்ட ஆல்பம். அதில் பாட்டுக்குப் பாட்டு முழங்குகிற குரல் அதே டிஜே டிராமாவுடையது.