கேளுங்க, சொல்லுறன்: பச்சிங்கோவுக்கு 2000 யென் போதும்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு ஒரே விஷயத்தப் பத்தி. ஜப்பான்ல நாகோயால ஆறு வருஷம் வேலை செஞ்சவன் எண்டபடியா எனக்கும் இதுல சொல்ல நிறைய இருக்கு, அதால இந்த முறை முழுப் பக்கமும் பச்சிங்கோவுக்கே, அதாவது ஜப்பான்காரர் காசு போட்டு இரும்புப் போளை அடிச்சு விளையாடுற மெஷின் ஆட்டத்துக்கே.

ஏப்ரல்ல நானும் என்ட மனுசனும் செரி பூக்குறத பாக்க ஜப்பான் போறம். மனுசனுக்கு யூடியூப்ல பாத்ததுல இருந்து பச்சிங்கோ கடைக்குள்ள ஒருக்கா இருந்து விளையாடணுமாம், ஒரே பிடிவாதம். எங்களுக்கு அந்த பாஷையில ஒரு சொல்லும் தெரியாது. உள்ள விடுவாங்களா? எவ்வளவு காசு போகும்? சூது எண்டு போலீஸ் பிடிக்காதா?
— வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, கூட்டிட்டுப் போங்க, பாக்க வேண்டிய இடம்தான். 18 வயசு முடிஞ்சா வெளிநாட்டுக்காரரும் விளையாடலாம், பாஸ்போட்ட மட்டும் கையில வச்சிருங்க. பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து இரவு 11 கிட்ட மூடுவாங்க. கதவு திறந்த உடன முதல்ல சத்தம் வந்து முகத்துல அடிக்கும், நூற்றுக்கணக்கான மெஷின், ஒவ்வொண்டுலயும் இரும்புப் போளை ஆணியில பட்டு விழுற சத்தம், அதுக்கு மேல பாட்டு, அதுக்கு மேல அறிவிப்பு. காதுக்கு பஞ்சு கொண்டு போங்க, இத நான் சும்மா சொல்லேல்ல. முந்தி சிகரட் புகையும் சேந்து மூச்சு முட்டும், 2020 ஏப்ரல்ல வந்த சட்டத்தால இப்ப புகைக்க தனி அறை வச்சிட்டாங்க.

இனி காசுக் கதை. வழமையான மெஷின்ல ஒரு போளை 4 யென், அதாவது 1000 யென்னுக்கு 250 போளை. மெஷின் ஒரு நிமிஷத்துக்கு 100 போளை வரைக்கும் அடிக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க, மூண்டு நிமிஷம் முடிய முதல் நம்மட 2000 ரூபா கிட்ட போயிடும். அதால நேரா 1 யென் பகுதிக்குப் போங்க, கனக் கடையில இருக்கும், கதிரை வரிசைக்கு மேல பெரிசா 1 எண்டு எழுதித் தொங்கும். அதே மாதிரி மெஷின், அதே ஆட்டம், ஆனா 1000 யென்னுக்கு 1000 போளை. ரெண்டு பேருக்கும் சேத்து 2000 யென் வச்சுக்கொள்ளுங்க, அத படம் பாக்க எடுத்த டிக்கட் காசு மாதிரி கணக்குல எழுதிடுங்க, மிச்ச காசையும் காட்டையும் ஹோட்டல்ல வச்சிட்டுப் போங்க.

இருந்த உடன மெஷினுக்குப் பக்கத்துல இருக்கிற ஒடுக்கமான பெட்டிக்குள்ள 1000 யென் தாளப் போடணும், பிறகு மெஷின்ல போளைக்குரிய பொத்தான அமுக்கினா மேல் தட்டுல போளை வந்து கொட்டும். 11 மில்லிமீட்டர்தான், நாங்க சின்னப் பிள்ளையில அடிச்ச கண்ணாடிப் போளைய விட சின்னன், ஆனா கையில எடுத்தா குளிரா பாரமா இருக்கும். வலது கைப் பக்கம் வட்டமா ஒரு கைப்பிடி இருக்கு, அத வலப்பக்கமா மெல்லத் திருப்பிப் பிடிச்சாக் காணும், போளை தானாப் போகும். திருப்புற அளவுதான் போளை போற வேகம். புதுசா விளையாடுறவங்க முழுக்கத் திருப்பிடுவாங்க, எல்லாப் போளையும் வலப்பக்கம் ஓடி வீணாப் போகும்.

குறி எங்க எண்டா, நடுவுல ஸ்கிரீனுக்குக் கீழ ஒரு சின்ன வாய் இருக்கு, ஜப்பான்காரர் அத "ஹெசோ" எண்டுவாங்க, எண்டா தொப்புள். அந்தத் தொப்புளுக்குள்ள ஒரு போளை விழுந்தாத்தான் ஸ்கிரீன்ல மூண்டு இலக்கம் சுத்தும். ரெண்டு ஒண்டாயிட்டா "ரீச்" எண்டுவாங்க, அப்ப லைட்டும் சத்தமும் நெஞ்சு அடைக்கிற மாதிரி வரும். மூண்டும் ஒண்டானாப் பெரிய அடி, கீழ ஒரு கதவு திறந்து திறந்து மூடும், அதுக்குள்ள போளை விழ விழ தட்டு நிரம்பும். நான் முதல் முதல் விளையாடேக்க பக்கத்துக் கதிரையில எழுபது வயசு மதிக்கிற ஒரு அம்மா. எனக்கு பெரிய அடி விழுந்தது எனக்கே விளங்கேல்ல, முந்தி அடிச்ச மாதிரியே அடிச்சுக்கொண்டு இருந்தன், அந்த அம்மா தன்ட ஆட்டத்த நிப்பாட்டிட்டு ஒரு விரலால என்ட மெஷின் கண்ணாடியில வலப்பக்கத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டினா. கன மெஷின்ல அடி விழுந்தாப் பிறகு முழுக்க வலப்பக்கம் அடிக்கணும், அதுதான் விஷயம். தட்டு நிரம்பினா கீழ இருக்கிற நெம்புகோலத் தள்ளி பெட்டிக்குள்ள இறக்குங்க, இல்லாட்டி மெஷின் கத்தும். ஒண்டும் விளங்காட்டி மேல இருக்கிற பொத்தான அமுக்கினா ஆள் ஓடி வரும், பாஷை தேவையில்ல, கையக் காட்டினாச் செஞ்சு தருவாங்க.

நீங்க கேக்காத ஒண்டையும் சொல்லணும், எப்பிடித் தோக்குறம் எண்டு. மெஷின்ல வாய்ப்ப எழுதியே வச்சிருப்பாங்க, 319ல 1 எண்டு. 4 யென் மெஷின்ல 1000 யென்னுக்கு இலக்கம் ஒரு 17 தடவை சுத்தும், அப்ப 319 தடவை சுத்த கிட்டத்தட்ட 19,000 யென், நம்மட காசுல 38,000 ரூபா அளவு. அவ்வளவும் போட்டா கட்டாயம் விழுமா எண்டா அதுவும் இல்ல, 319 தடவை சுத்தினாலும் நூறு பேர்ல 37 பேருக்கு ஒருக்காக்கூட விழாது. ஒவ்வொரு சுத்தும் புதுசு, முந்தி விழேல்ல எண்டு இனி விழணும் எண்டு மெஷினுக்கு ஒரு கடனும் இல்ல. 99ல 1 எண்டு எழுதின மெஷினும் இருக்கு, அடி சின்னன் ஆனா அடிக்கடி விழும். உங்கட மனுசனுக்கு அதுதான் சரி.

சூது எண்ட கேள்விக்கு வாறன். ஜப்பான்ல குற்றவியல் சட்டம் 185ஆம் பிரிவுப்படி சூது குற்றம்தான். ஆனா பச்சிங்கோ 1948ல வந்த வேற ஒரு சட்டத்துக்குக் கீழ, போலீஸ் பக்கத்து அனுமதியோட நடக்குது, கடை கையில காசு தராது, சாமான்தான் தரும். போளைய எண்ணி ரசீது எடுத்து கவுண்டர்ல குடுத்தா சொக்லட், பிஸ்கட், சவர்க்காரம் எண்டு எடுக்கலாம், இல்லாட்டி "விசேஷ பரிசு" எண்டு சீல் வச்ச சின்னப் பெட்டி தருவாங்க. அதக் கொண்டு வெளிய போனா பக்கத்து ஒழுங்கையில ஒரு குட்டி ஜன்னல், உள்ள ஆள்ட முகம்கூட வடிவாத் தெரியாது, பெட்டிய நீட்டினா காசு வரும். ஜன்னல் வேற ஆள்ட, அது வாங்கினதை மூண்டாவது ஒரு ஆள் வாங்கித் திரும்ப கடைக்கு விக்கிறார். சட்டத்துல கடைக்கும் காசுக்கும் தொடர்பே இல்ல எண்ட கணக்கு, அதாலதான் கடைக்காரர்ட்ட ஜன்னல் எங்க எண்டு கேட்டா வாயால சொல்ல மாட்டாங்க, மற்ற ஆக்கள் போற பக்கம் பின்னால போங்க. விளையாடுறவர போலீஸ் பிடிக்காது, பயப்படாதீங்க.

இன்னும் சில விஷயம். காந்தம் கிட்டக் கொண்டு போகக் கூடாது, கண்ணாடியத் தட்டக் கூடாது, போளைய ஞாபகத்துக்கு எண்டுகூட வெளிய கொண்டு வரக் கூடாது, அது கடைட சொத்து. தட்டுல ஒருத்தர்ட கைக்குட்டையோ சிகரட் பெட்டியோ இருந்தா அந்தக் கதிரைக்கு ஆள் இருக்கு எண்டு அர்த்தம். கனக் கடையில ஃபோட்டோ எடுக்க விட மாட்டாங்க. எழும்பேக்க மறக்காம, தாள் போட்ட பெட்டியில இருந்து மிச்சக் காசுக்குரிய காட்ட எடுத்து, காச மீளத் தாற மெஷின்ல போட்டு எடுங்க, அந்தக் காட் அந்தக் கடையத் தவிர வேற எங்கயும் செல்லாது.

பரிசாத் தங்கம் குடுக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டன், உண்மையா? ஊருக்குக் கொண்டு வந்தா லாபமா?
— செட்டியார் தெரு நகைக் கடை ஊழியர்

டோக்கியோப் பக்கம் உண்மைதான், பிளாஸ்டிக்குள்ள சீல் வச்ச நல்ல தங்கம், ஆனா ஒரு கிராமும் அதுக்குக் கீழயும்தான். சீல உடைச்சா ஜன்னல்ல எடுக்க மாட்டாங்க. இங்க கொண்டு வந்து லாபம் பாக்கிற அளவு தங்கம் உங்களுக்கு விழ முதல், அதப் போல பல மடங்கு காசு மெஷினுக்குள்ள போயிருக்கும் தம்பி.

ஸ்டூடன்ட் விசாவுல ஒசாகா போறன். அங்க இருக்கிற ஒரு அண்ணா பச்சிங்கோ கடையில இரவு துப்பரவு வேலை எடுத்துத் தாறன் எண்டார், மணித்தியாலச் சம்பளம் கூடவாம். போகலாமா?
— மாணவன், மட்டக்குளி

போகாதீங்க தம்பி. ஸ்டூடன்ட் விசாக்காரருக்கு வாரத்துக்கு 28 மணித்தியாலம் பகுதிநேர வேலை செய்ய அனுமதி எடுக்கலாம், ஆனா அந்த அனுமதிக்குள்ள பச்சிங்கோ கடை வராது, துப்பரவு எண்டாலும் சமையல் எண்டாலும் வராது. பிடிபட்டா விசா போகும், திருப்பி அனுப்பவும் கூடும். உங்கட அம்மா அப்பா அந்த விசாவுக்கு எவ்வளவு கடன் பட்டிருப்பாங்க எண்டு எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடை, பார்சல் தரம் பிரிக்கிற இடம், கொன்வீனியன்ஸ் ஸ்டோர் எண்டு வேலை எவ்வளவோ கிடக்கு.

என்ட மகன் ஜப்பான்ல நாலு வருஷம். ஆறு மாசமா காசு வாறது குறைஞ்சு இப்ப இல்ல, கேட்டா கம்பெனி சம்பளம் பிந்துது எண்டுறான். கூட இருக்கிற பெடியன்தான் சொன்னான், வேலை முடிஞ்சு பச்சிங்கோவுக்குப் போறானாம். போன மாசம் கடன் அடைக்க எண்டு கேட்டு என்ட சங்கிலிய அடகு வச்சு அனுப்பினன். இப்ப திரும்பக் கேக்கிறான்.
— ஒரு அம்மா, தெமட்டகொட

அம்மா, உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். என்ட அறையிலயும் இப்பிடி ஒரு பெடியன் இருந்தான், நல்ல பெடியன், வேலையில கெட்டிக்காரன். 25ஆம் திகதி சம்பளம் விழும், அண்டைக்கு இரவு 11 மணிக்குப் பிறகு வருவான், கையில ஒரு சின்னப் பையில கச்சானும் சொக்லட்டும், எங்களுக்கு எண்டு தருவான். ஏன் இவன் மாசக் கடைசியில மட்டும் சொக்லட் வாங்குறான் எண்டு நாங்க யோசிச்சதே இல்ல. பச்சிங்கோ கவுண்டர்ல விசேஷ பரிசுப் பெட்டிக்குக் காணாம மிஞ்சுற போளைக்கு அப்பிடித்தான் சில்லறைச் சாமான் தருவாங்க, அது பிறகுதான் எனக்கு விளங்கினது. எங்களுக்குத் தெரிய வரேக்க அவன் மூண்டு இடத்துல கடன். அவன் பேராசைக்காரன் இல்ல, ஒரு வருஷமா வேலை, அறை, வேலை, அறை எண்டு இருந்தவனுக்கு அந்த வெளிச்சத்துக்குள்ள போனா ரெண்டு மணித்தியாலம் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லாம இருந்திச்சாம், அவனே அழுதுகொண்டு சொன்னது.

இப்ப செய்ய வேண்டியது. காசா அனுப்பாதீங்க, ஒரு ரூபாவும் அனுப்பாதீங்க, அனுப்புற காசு கடன்காரருக்குப் போகாது. அறை வாடகை நிண்டு போச்சு எண்டா கூட இருக்கிற அந்தப் பெடியனோட கதைச்சு நேரா வீட்டுக்காரருக்குக் கட்டச் சொல்லுங்க. மகன்ட்ட பொய் சொல்லாதே எண்டு சண்டை பிடிக்காதீங்க, எனக்குத் தெரியும் மகன் எண்டு மட்டும் சொல்லுங்க, ஒளிக்கத் தேவையில்ல எண்டு தெரிஞ்சாத்தான் வாய் திறப்பான். எங்கட பெடியனுக்கு நாங்க செஞ்சது, 25ஆம் திகதி வேலை முடியிற நேரம் ரெண்டு பேர் அவன்ட கம்பெனி வாசல்ல நிண்டம், மூண்டு பேருமா ஏடிஎம்முக்குப் போய் வாடகையையும் ஊருக்குரிய காசையும் அந்த நேரமே அனுப்பிட்டு சாப்பிடப் போனம். எட்டு மாசம் அப்பிடிச் செஞ்சம். ரெண்டு தரம் திரும்பப் போனான், திரும்பவும் வாசல்ல நிண்டம்.

இன்னொண்டும் இருக்கு. கனக் கடையில விளையாடுறவரே போய், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல என்னை விளையாட விடாதீங்க, இல்லாட்டி உள்ளயே எடுக்காதீங்க எண்டு எழுதிக் குடுக்கிற முறை இருக்கு, குடும்பத்தாரும் எழுதிக் குடுக்கலாம். மகன் வழமையாப் போற கடை எது எண்டு அந்தப் பெடியனுக்குத் தெரிஞ்சிருக்கும், கடைக் கவுண்டர்ல கேக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் வேலைக்கும் அறைக்கும் நடுவுல இருக்கிற ஒரு கடையாத்தான் இருக்கும்.

நீங்களும் இரவுல நித்திரை இல்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. 1926க்கு எடுங்க, அங்கொடை தேசிய மனநல நிறுவகத்துட லைன், தமிழ்லயும் கதைக்கலாம். அடகுச் சீட்டு எந்தத் திகதி முடியுது எண்டு இண்டைக்கே எடுத்துப் பாத்து, முடிய முதல் வட்டியையாவது கட்டி நீட்டி வையுங்க. பெடியன்ட நம்பர பத்திரிகை விலாசத்துக்கு அனுப்பினா நானே கதைக்கிறன்.